வளைவைப் பாருங்கள்: பெண்கள் ஷார்ட் டிராக் போட்டிக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

டிக்கெட் எடுக்கும்போதே வளைவுப் பக்கமாக, முடிந்தவரை மேல் வரிசையில் எடுத்துவிடுங்கள். நான் முதல் தடவை அப்படிச் செய்யவில்லை.

ஷார்ட் டிராக் என்றால் உள்ளரங்கில், சின்னப் பனித்தடத்தில், பல பேர் ஒன்றாகச் சுற்றும் ஸ்கேட்டிங் பந்தயம். 2018 மார்ச்சில் மொன்ட்ரியலில் அதன் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. நான் கனடாவுக்கு வந்து அது இரண்டாவது குளிர்காலம். கூட வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், "ஒருக்கால் வந்து பாரும், பிறகு விடமாட்டீர்" என்று சொல்லி மாரிஸ் ரிச்சர்ட் அரங்கத்துக்குக் கூட்டிப்போனார். பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று நினைத்து நேர்கோட்டுப் பக்கம் இரண்டாவது வரிசையில் இடம் பிடித்தேன். தடத்தைச் சுற்றி மோதல் தாங்கும் மெத்தைகளை அடுக்கியிருக்கிறார்கள். அந்த மெத்தைகளும் அவற்றுக்கு மேலே சரசரவென்று ஓடி மறையும் ஹெல்மெட்டுகளும்தான் எனக்குத் தெரிந்தன. யார் யாரை எங்கே முந்தினார்கள் என்று ஒன்றும் புரியவில்லை. எல்லாமே வளைவில் நடந்துவிடுகிறது. வளைவுக்கு மேலே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கத்துவதைப் பார்த்துத்தான் ஏதோ நடந்தது என்று தெரிந்துகொண்டேன்.

இந்த ஊரில் இருப்பவர்கள் பச்சை லைன் மெட்ரோவில் வியோ ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். 1976 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையும் மல்யுத்தமும் நடந்த கட்டடம் அது. உள்ளே குளிரும். முதல் ஒரு மணி நேரம் தெரியாது, அப்புறம் கால்வழியே ஏறும். கம்பளிக் காலுறை இல்லாமல் போகாதீர்கள். சிமென்ட் படியில் நாள் முழுக்கக் கால் வைத்திருக்க வேண்டும், அதனால் ஒரு பழைய துண்டை மடித்து எடுத்துப்போய்க் காலுக்கடியில் போட்டுக்கொள்வேன்.

சரி, தடத்துக்கு வருவோம். ஹாக்கி ஆடுகிற அதே அளவுப் பனித்தளம், 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதற்குள் 111.12 மீட்டர் சுற்றளவுள்ள முட்டை வடிவத் தடம். 500 மீட்டர் என்றால் நாலரைச் சுற்று, 1000 மீட்டர் ஒன்பது, 1500 மீட்டர் பதின்மூன்றரை. பெண்கள் ரிலே 3000 மீட்டர், இருபத்தேழு சுற்று. இந்த எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எத்தனை சுற்று மிச்சம் என்று தெரியாமல் பார்த்தால் பாதி ஆட்டம் கையை விட்டுப் போய்விடும். தடத்தின் ஓரத்தில் ஒருவர் மிச்சச் சுற்றைக் காட்டிக்கொண்டே இருப்பார். கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள்.

ஒவ்வொரு வளைவிலும் ஏழு சிறிய கறுப்புக் கட்டைகள் வைத்திருப்பார்கள். ஸ்கேட் அவற்றுக்கு வெளியேதான் போக வேண்டும். கை உள்ளே போகலாம். தனித்தனி லேன் கிடையாது. நாலைந்து பேர், 1500 மீட்டரில் இன்னும் கூடுதல் பேர், எல்லோரும் ஒரே பாதையை விரும்புகிறார்கள், பாதையோ ஒருவர் போகும் அகலம்தான். கடிகாரத்துடன் போட்டி இல்லை. யார் முதலில் கோட்டைத் தொடுகிறார் என்பதுதான் கணக்கு. இது புரிந்துவிட்டால், 1500 மீட்டரின் முதல் ஐந்தாறு சுற்றுகளில் ஏன் எல்லோரும் ஊர்வலம் மாதிரி மெதுவாகப் போகிறார்கள் என்பதும் புரிந்துவிடும். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார், பின்னால் வருகிறவருக்கு அந்தச் செலவு மிச்சம்.

ஆகவே முதலில் போகிறவரைப் பார்க்காதீர்கள். அவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், டிவி கேமராவும் அவரைத்தான் பிடித்திருக்கும். மூன்றாவது, நான்காவது ஆளின் தோளைப் பாருங்கள். வளைவு முடிந்து நேர்கோட்டுக்கு வரும் இடத்தில் அந்தத் தோள் முன்னால் இருப்பவரின் முதுகுக்கு நேர் பின்னால் இருக்கிறதா, அரை அடி வெளியே வந்திருக்கிறதா? வெளியே வந்துவிட்டால் அடுத்த வளைவுக்குள் ஏதோ நடக்கப்போகிறது.

இதற்கு என்னிடம் இருக்கும் நல்ல பாடம், 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் பெண்கள் 1500 மீட்டர் இறுதி. கொரியாவின் சோய் மின்-ஜியோங். காணொளி கிடைத்தால் மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை அவரை மட்டும். வெகுநேரம் பின்னால் ஒதுங்கி, அவசரமே இல்லாதவர் போலச் சுற்றிக்கொண்டிருப்பார். மூன்று சுற்று மிச்சமிருக்கும்போது வெளிப்பக்கமாகக் கிளம்புவார். வெளிப்பக்கம் போனால் தூரம் அதிகம், யாரும் விரும்பாத வழி. ஆனால் அங்கே இடிக்க ஆள் இல்லை, நடுவர் கை தூக்கக் காரணம் இல்லை. அந்தக் கூடுதல் தூரத்தைக் கால் பலத்தால் கட்டிவிட்டு, கடைசியில் யாரும் பக்கத்திலேயே இல்லாமல் தனியாக வந்து முடித்தார். மூன்றாவது தடவை பார்க்கும்போது மற்றவர்களைப் பாருங்கள். அவர்கள் உள்பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், அவர் வருவதோ வெளியே.

அவர் ஏன் அப்படி ஓடினார் என்பதற்கு என்னிடம் ஒரு எண்ணம் உண்டு. அதே ஒலிம்பிக்கில் நாலு நாளைக்கு முன் 500 மீட்டர் இறுதியில் இத்தாலியின் அரியானா ஃபோன்டானாவுக்கு அடுத்ததாக, மயிரிழையில் இரண்டாவதாகக் கோட்டைத் தொட்டவர் சோய். கனடாவின் கிம் புட்டானைக் கையால் தடுத்தார் என்று நடுவர் பெனால்டி கொடுத்தார், வெள்ளிப் பதக்கம் போயிற்று. இனி யாரையும் தொடவே வேண்டாத பாதை என்று அவர் மனதில் எழுதிக்கொண்டாரோ என்னவோ. 2022 பெய்ஜிங்கிலும் அதே 1500 மீட்டரில் தங்கம் அவருக்குத்தான். நான் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்த அந்த 2018 மொன்ட்ரியல் சாம்பியன்ஷிப்பிலும் ஒட்டுமொத்த சாம்பியன் அவரே. கண்ணெதிரே நடந்ததைப் பார்க்கத் தெரியாமல் வந்துவிட்டேனே என்று இன்றைக்கும் வருத்தம்தான்.

500 மீட்டர் வேறு சங்கதி. அங்கே காத்திருக்க நேரமில்லை. 2019 நவம்பரில் சால்ட் லேக் சிட்டியில் கிம் புட்டான் 41.936 விநாடியில் ஓடி, பெண்களில் முதன்முதலாக 42க்குக் கீழே போனார். மணிக்கு 42 கிலோமீட்டருக்கு மேல் சராசரி, அதுவும் நின்ற இடத்திலிருந்து கிளம்பி, வளைவில் வளைவாகச் சுற்றி. இதில் பார்க்க வேண்டியது தொடக்கக் கோட்டிலிருந்து முதல் வளைவு வரைக்குமான அந்தச் சில அடிகள். ஸ்கேட் சறுக்காது, ஓடும்: பிளேடின் முனை பனியைக் கொத்தும் சத்தம் மேல் வரிசை வரை கேட்கும். உள்பக்கத்தில் நிற்கிறவருக்கு வளைவு கிட்டே இருக்கும். யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்று துப்பாக்கி வெடிக்கும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

இனி கையைப் பற்றி. வளைவில் அவர்கள் இடது பக்கம் சாய்வதை நேரில் பார்த்தால் நம்ப முடியாது. உடம்பு பனிக்குச் சற்று மேலே மிதக்கிற மாதிரி இருக்கும், இடது கை விரல் நுனிகள் மட்டும் பனியைத் தொட்டுக்கொண்டு போகும். கையுறையின் இடது விரல் நுனிகளில் கெட்டியான வழுவழுப்பான குமிழ்களை ஒட்டியிருப்பார்கள். துணி என்றால் பனியில் பிடித்து இழுத்துவிடும், குமிழ் வழுக்கிக்கொண்டு போகும். 2024 அக்டோபரில் புதிய உலக டூர் போட்டித் தொடர் அதே மாரிஸ் ரிச்சர்ட் அரங்கத்தில் தொடங்கியபோது எட்டு வயது மகளையும் கூட்டிப்போனேன். ஒரு வீராங்கனை பந்தயம் முடிந்து மெதுவாக ஒரு சுற்று வந்தார். ஒவ்வொரு விரலாக மடக்கி, நுனிகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். "டக் டக்" என்று சின்னச் சத்தம். "அம்மா, அந்த அக்கா விரல்ல மணி கட்டியிருக்காங்க" என்றாள் மகள்.

காலில் இருக்கும் பிளேடையும் கவனியுங்கள். ஷூவின் நடுவில் பொருத்தியிருக்க மாட்டார்கள், இடப்பக்கம் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். நடுவில் இருந்தால் அவ்வளவு சாயும்போது ஷூவின் ஓரம் பனியில் உரசி, ஆள் விழுந்துவிடுவார். அதோடு பிளேடையே திரும்பும் திசைக்கு லேசாக வளைத்தும் வைத்திருப்பார்கள். நேர்கோட்டுக்குக் கொஞ்சம் நஷ்டம், வளைவுக்கு லாபம். பிளேடின் குதிகால் முனையை உருட்டித் தேய்த்திருக்க வேண்டும் என்பது விதி. விழும்போது பின்னால் வருகிறவரைக் கிழித்துவிடக் கூடாதே. உடைக்கு உள்ளே வெட்டுத் தாங்கும் துணி, கழுத்துக்குக் காப்பு, முழங்காலுக்குக் கீழே தகடு. பார்க்க அழகாக இருக்கும் விளையாட்டு, ஆபத்து நிஜமானது. குழந்தைகளைக் கூட்டிப்போனால் இதை முன்பே சொல்லி வையுங்கள். யாராவது மெத்தையில் போய் மோதும் சத்தம் பெரிதாகக் கேட்கும். பெரும்பாலும் எழுந்துவிடுவார்கள்.

பந்தயங்களுக்கு நடுவே வாளியோடு இறங்குகிற ஆட்களை விட்டுவிடாதீர்கள். ஒரே வளைவில் திரும்பத் திரும்பப் பிளேடு கிழித்துப் பள்ளம் விழுந்திருக்கும். அவர்கள் அங்கே தண்ணீரை ஊற்றுவார்கள், அது உறைந்து பள்ளம் மூடும். கறுப்புக் கட்டைகளைச் சற்று நகர்த்தி வைத்துத் தடத்தையே பக்கத்தில் மாற்றுவார்கள். நாள் முடிவில் நடக்கும் பந்தயங்களில் வளைவில் யாராவது தனியாக வழுக்கினால், அதில் பனியின் பங்கும் உண்டு.

ரிலேதான் எனக்கு உயிர். பள்ளியில் ஆறு வருடம் கோ-கோ விளையாடியவள் நான், திருநெல்வேலிப் பக்கம். உட்கார்ந்திருப்பவளின் முதுகில் கை வைத்து "கோ" என்றதும் அவள் அம்பாகப் பாய்வாளே, அதேதான் இங்கேயும். ஒரு நாட்டுக்கு நாலு பெண்கள். ஒருவர் தடத்தில், மற்ற மூவர் உள்வட்டத்தில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அடுத்து வருகிறவர் சரியான நேரத்தில் தடத்துக்குள் நுழைந்து, முன்னால் குனிந்து உட்கார்ந்த மாதிரிப் போவார். பின்னால் வருகிறவர் தன் வேகம் முழுவதையும் இரண்டு கையில் சேர்த்து அவர் இடுப்பில் தள்ளுவார். தள்ளியவரின் வேகம் சட்டென்று செத்துவிடும், தள்ளப்பட்டவர் பறப்பார். சாதாரணமாக ஒன்றரைச் சுற்றுக்கு ஒரு முறை இது நடக்கும். நாலு அணி என்றால் தடத்திலும் உள்ளேயுமாகப் பதினாறு பேர். முதல் தடவை பார்க்கிறவருக்குத் தலை சுற்றும்.

அதனால் ஒரே ஒரு அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அணியில் உள்ளே சுற்றுகிற, அடுத்து வரப்போகிற பெண்ணை மட்டும் பாருங்கள். அவர் எப்போது வேகம் எடுக்கத் தொடங்குகிறார், திரும்பித் தன் தோழியை எத்தனை முறை பார்க்கிறார், தள்ளு விழும் கணத்தில் அவர் முதுகு நேராக இருக்கிறதா என்று. நல்ல தள்ளு என்றால் ஒரு சத்தமும் இல்லாமல் இடைவெளி மட்டும் கூடும். கெட்ட தள்ளு என்றால் இரண்டு பேருமே தடுமாறுவார்கள். கடைசி இரண்டு சுற்றை ஒரே ஆள்தான் ஓட வேண்டும், ஆகவே அதற்கு முந்தைய மாற்றம்தான் பல பந்தயங்களை முடிவு செய்கிறது.

பியாங்சாங்கில் ரிலே அரையிறுதி. இருபத்துமூன்று சுற்று மிச்சமிருக்கும்போது கொரியாவின் லீ யூ-பின் விழுந்துவிட்டார். கிட்டத்தட்ட அரைச் சுற்று பின்தங்கியாயிற்று. ஆனால் அவர் விழுந்து சறுக்கிக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டினார், சோய் மின்-ஜியோங் ஓடிவந்து தொட்டுவிட்டு ஓடத் தொடங்கினார். தள்ளத்தான் வேண்டும் என்று விதி இல்லை, தொட்டால் போதும். அதன் பிறகு நாலு பேரும் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைத் தின்றார்கள். கடைசியில் முதலிடம், அதுவும் 4:06.387 என்ற ஒலிம்பிக் சாதனையோடு. விழுந்த அணி சாதனை படைத்தது! ஸ்டேடியத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இதைப் பார்த்தபோது எங்கள் பி.டி. டீச்சர் நினைவுதான் வந்தது. "விழுந்தா எழுந்திரிக்கிறது அப்புறம், முதல்ல கோ குடு" என்று வெயிலில் நின்று கத்துவார்.

நடுவர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் புதிதாகப் பார்க்கிறவர்கள் கோபப்படுகிறார்கள், நானும் பட்டிருக்கிறேன். கோட்டைத் தொட்டதோடு பந்தயம் முடிவதில்லை. நடுவர் காணொளியைத் திரும்பப் பார்ப்பார். அந்த நேரத்தில் வீராங்கனைகள் கை தூக்கிக் கொண்டாடாமல் பெரிய திரையை அண்ணாந்து பார்த்தபடி சுற்றுவதைப் பார்க்கலாம். நீங்களும் அதுவரை பொறுங்கள். முதல் வருடம் எங்கள் ஊர்ப் பெண் ஜெயித்துவிட்டார் என்று கைதட்டிவிட்டுக் காபி வாங்கப் போனேன். திரும்பி வந்தால் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே பெனால்டி.

அடிப்படை இதுதான்: முன்னால் இருப்பவருக்குத்தான் பாதையில் உரிமை. முந்துகிறவர்தான் இடிக்காமல் முந்த வேண்டும். ஆனால் முன்னால் இருப்பவரும் நினைத்த இடத்துக்கெல்லாம் குறுக்கே விழுந்து மறிக்கக் கூடாது. ஆகவே மோதல் நடந்தால் யார் விழுந்தார் என்று பார்க்காதீர்கள், மோதலுக்கு ஒரு விநாடி முன்னால் யார் தன் பாதையை மாற்றினார் என்று பாருங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு, இடம் அடைபட்டுவிட்ட நிலையில், உள்பக்கமாக மூக்கை நுழைத்தவரா? அல்லது வருகிறவரைப் பார்த்து வெளியே நகர்ந்தவரா? நூற்றுக்கு நூறு சரியாக வராது, ஆனால் ஒரு நாள் முழுக்கப் பார்த்தால் மாலைக்குள் நீங்களே தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். கடுமையான தவறு என்றால் மஞ்சள் அட்டை.

இறுதிக்கு முந்தைய பந்தயங்களில், தகுதி பெறும் இடத்தில் இருந்தவரை இன்னொருவர் தள்ளிவிட்டால், விழுந்தவரை நடுவர் அடுத்த கட்டத்துக்கு அனுப்பலாம். இறுதியில் அந்த வழி கிடையாது. இது மனதைப் பிசையும் இடம். 2022 பெய்ஜிங் 1000 மீட்டர் இறுதியில் அமெரிக்காவின் கிறிஸ்டன் சான்டோஸ் பதக்க இடத்தில் வந்துகொண்டிருந்தார். கடைசிக் கட்டத்தில் ஃபோன்டானாவும் அவரும் மோதி விழுந்தார்கள். ஃபோன்டானாவுக்குப் பெனால்டி. ஆனால் எழுந்து வந்து முடித்த சான்டோஸுக்குக் கிடைத்தது நான்காவது இடம். தங்கம் நெதர்லாந்தின் சுசான் ஸ்குல்டிங்குக்கு, வெள்ளி சோய்க்கு, பெல்ஜியத்தின் ஹன்னே டெஸ்மெட்டுக்கு வெண்கலம். ஃபோன்டானா மேலும் கோபப்படாதீர்கள். 2006 டூரினில் பதினைந்து வயதில் முதல் பதக்கம் வாங்கி, அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒலிம்பிக்காக வந்து, பெய்ஜிங் முடிவில் பதினொன்று சேர்த்தவர். இந்த ஒற்றை ஆள் அகலப் பாதையில் அவ்வளவு காலம் நின்றவர் மேல் ஒரு மோதல்கூட இல்லாமல் இருக்குமா?

திரையில் பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. முதல் தடவை வர்ணனையின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். அவர்கள் முன்னால் இருப்பவரின் பெயரையே சொல்லிக்கொண்டிருப்பார்கள், உங்கள் கண்ணும் அங்கேயே போய்விடும்.

நேரில் போகிறவர்கள் காலையில் நடக்கும் ஹீட்ஸ் என்ற முதல்கட்டப் பந்தயங்களுக்கே போய்விடுங்கள். கூட்டம் குறைவு, வளைவுக்கு மேலே நல்ல இடம் கிடைக்கும், மாலையில் யார் எப்படி ஓடுவார் என்று ஒரு பிடியும் கிடைத்துவிடும். சாப்பாட்டுக்கு எழுந்து போக வேண்டுமென்றால் தடத்தைச் சீர்செய்யும் பெரிய இடைவேளையில் போங்கள். பி ஃபைனல் நேரத்தில் எழுந்து போகாதீர்கள். அரையிறுதியில் தவறவிட்டவர்கள் ஓடுவது அது, கூட்டம் பாதி எழுந்து வெளியே போய்விடும்.

பியாங்சாங்கில் நெதர்லாந்துப் பெண்கள் ரிலேயில் இறுதிக்குத் தகுதி பெறாமல் பி ஃபைனலில்தான் ஓடினார்கள். பதக்கம் இல்லை என்று தெரிந்தும் 4:03.471 என்று உலக சாதனை வைத்தார்கள். அப்புறம் தடத்துக்கு வெளியே நின்று ஏ ஃபைனலைப் பார்த்தார்கள். கொரியா முதலில், இத்தாலி இரண்டாவது. நடுவர் வெகுநேரம் திரையைப் பார்த்தார். கடைசியில் சீனா, கனடா இரண்டுக்கும் பெனால்டி. வெண்கலம் நெதர்லாந்துக்கு. சற்று முன் தடத்துக்கு வெளியே நின்றிருந்தவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

இந்தக் கதையை மகளுக்குச் சொன்ன நாளிலிருந்து, பி ஃபைனல் தொடங்கினால் அவள் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொள்வாள், நான் எழுந்து போய்விடாதபடி.